துர்நாற்றமுள்ள கந்தக வாயு: அதன் குணமும் பயனும் அபாயமும்

சேற்று வயலில் காலை வைத்து மிதிக்கும்போது குமிழிகளோடு கிளம்பும் கெட்ட நாற்றத்தை அறியாத விவசாயி இல்லை. பல நாள் மூடிக் கிடந்த சாணக்குழியைக் கிளறினாலும், தேங்காய் மட்டை ஊறும் குட்டையின் கரையில் நின்றாலும், கெட்டுப்போன முட்டையை உடைத்தாலும் மூக்கில் ஏறுவது அதே நாற்றமேயாகும். இவை யாவற்றிற்கும் பொதுவான பொருள் ஒன்றுண்டு. கந்தகமும் ஹைட்ரஜனும் கூடிய அப்பொருளுக்கு ரஸாயன நூலார் ஹைட்ரஜன் ஸல்பைடு என்று பெயரிட்டிருக்கின்றனர். இக்கட்டுரையில் அதனைக் கந்தக வாயு என்றே எளிமைக்காகக் குறிப்பிடுவோம்.

இவ்வாயு நெல் வயலில் வேரைக் கெடுக்கும். குழியில் ஆளைக் கொல்லும். ஆலையிலோ மனிதனுக்குப் பெரிதும் பயன்படும். இம்மூன்றையும் பற்றி முறையாக அறிந்துகொள்வது நிலமுடையோருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் மிகவும் அவசியம். அவற்றுள்ளும் முக்கியமானது ஒன்று. இவ்வாயு இருப்பதை மூக்கு முதலில் சரியாகவே சொல்லும். அளவு மிகுந்த பின்னரோ, இல்லாததுபோல் பொய் சொல்லும். இந்த ஓர் உண்மையை அறியாமையால் நேர்ந்த மரணங்கள் பல.

குணங்கள்

கந்தக வாயுவுக்கு நிறம் இல்லை. காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கனம் மிகுந்தது. ஆதலால் குழி, கிணறு, தொட்டி முதலிய பள்ளமான இடங்களில் அடியில் தங்கிக் கிடக்கும். காற்றோட்டமில்லாவிடில் எளிதில் வெளியேறாது. நீரில் கரையும் தன்மையுடையது. சாதாரண வெப்ப நிலையில் ஒரு படி நீர் ஏறத்தாழ இரண்டரைப் படி வாயுவைத் தன்னுள் கொள்ளும். சாணக்குழியின் மேலே ஆடை படிந்து அமைதியாயிருக்கும்போது அதிக நாற்றம் வீசாமலிருப்பதும், கழி கொண்டு கலக்கியவுடன் திடீரெனக் கிளம்புவதும் இதனாலேயே. வாயு அக்கரைசலில் கரைந்தும் சிக்கியும் கிடந்து, கலக்கும்போது ஒரேயடியாக விடுபடுகின்றது.

இது தீப்பற்றக்கூடியதுமாகும். காற்றில் நூற்றுக்கு 4 பங்குக்குச் சற்று மேல் கலந்திருந்தால் ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். எரியும்போது நீல நிறச் சுவாலையுடன் எரிந்து, கந்தகம் எரியும்போது எழுவது போன்ற காரமான புகையைத் தரும்.

உலோகங்களோடு சேர்ந்து அவற்றைக் கறுக்கச் செய்வது இதன் மற்றொரு குணம். வெள்ளிக் கொலுசும் மோதிரமும் கறுத்துப்போவது காற்றிலுள்ள இவ்வாயுவின் மிகச் சிறு அளவினாலேயே. ஈய உப்புக் கரைசலில் தோய்த்த காகிதத்தை இவ்வாயுவில் காட்டினால் கறுத்துவிடும். ரஸாயன சாலைகளில் இதனைக் கண்டறியும் பழைய முறை அதுவே. இரும்போடு சேர்ந்தால் கறுநிறமான இரும்பு ஸல்பைடு உண்டாகும். முட்டையை அதிக நேரம் வேகவைத்தால் மஞ்சட் கருவைச் சுற்றிப் பச்சை கலந்த கறுப்பு வளையம் காண்பதை யாவரும் அறிவர். வெள்ளைக் கருவிலிருந்து பிறந்த கந்தக வாயு மஞ்சட் கருவிலுள்ள இரும்போடு கூடியதே அவ்வளையம். இந்தச் சிறு உதாரணத்தை வாசகர்கள் நினைவிற்கொள்ளவேண்டும். நெல் வயலின் சேறு கறுப்பதற்கும் காரணம் இதுவே.

மலக்குழிகளைச் சுத்தம் செய்வோருக்குக் கண் நோய் உண்டாவதையும், அவர்கள் வைத்திருந்த நாணயங்கள் கறுத்துப்போவதையும் இத்தாலி தேசத்து வைத்தியர் ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட தொழில் நோய் நூலில் எழுதினார். ஸ்வீடன் தேசத்து ரஸாயன அறிஞர் ஷீலே 1777-ஆம் ஆண்டில் இவ்வாயுவின் இயல்பை விவரித்தார். ஆகவே இதன் தீங்கு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகவே அறியப்பட்டது.

உண்டாகும் விதம்

மண்ணிலும் சாணத்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கணக்கின்றி வாழ்கின்றன. காற்றிலுள்ள பிராண வாயு கிடைக்கும்வரை அவற்றுட் பல அதனைக் கொண்டே உயிர்வாழும். நீர் தேங்கிக் காற்று உட்புகாத இடத்தில் பிராண வாயு விரைவில் தீர்ந்துவிடும். அப்போது வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுத்து, முதலில் நைட்ரேட்டையும், பின்னர் மாங்கனீஸ், இரும்பு இவற்றின் ஆக்ஸைடுகளையும், அவற்றின் பின் ஸல்பேட் உப்புக்களையும் பயன்படுத்தத் தொடங்கும். ஸல்பேட்டிலுள்ள பிராண வாயுவைக் கவர்ந்துகொண்டு கந்தகத்தைக் கந்தக வாயுவாக வெளிவிடும். இதுவன்றி, தழை, சாணம், முட்டை முதலியவற்றின் புரதப் பொருளில் அடங்கிய கந்தகமும் அழுகும்போது இவ்வாயுவாகின்றது.

எனவே கந்தக வாயு உண்டாக மூன்று வேண்டும்: காற்றுப் புகாமை, அழுகும் தழை அல்லது எரு, கந்தகமுள்ள பொருள். இம்மூன்றும் ஒருங்கே சேரும் இடம் நீர் தேங்கிய வயலும் மூடிய குழியுமே. இவற்றுள் ஒன்றைக் குறைத்தாலும் வாயு குறையும். பின்வரும் பரிகாரங்கள் யாவும் இந்த ஒரு விதியிலிருந்து பிறந்தவையே.

நெல் வயலில்

நெற்பயிர் நீரில் நிற்பினும் அதன் வேருக்குப் பிராண வாயு வேண்டும். இலைகளிலிருந்து தண்டின் உள்ளே உள்ள நுண்ணிய காற்றறைகளின் வழியே அது வேருக்குச் செல்கின்றது. சிறிது வேரைச் சுற்றியுள்ள மண்ணிலும் கசியும். அங்குக் கரைந்துள்ள இரும்பு துருவாக மாறி வேரின்மேல் செம்பழுப்பு நிறமாகப் படியும். இளவேர் வெண்மையாகவும் முதிர்ந்த வேர் துருநிறமாகவும் இருப்பது நல்ல ஆரோக்கியத்தின் அடையாளம்.

வயற் சேற்றில் கந்தக வாயு பிறந்தாலும் பெரும்பாலான நிலங்களில் அதனால் தீங்கு இல்லை. மண்ணில் இரும்பு போதிய அளவு இருந்தால், பிறந்த வாயுவை இரும்பு பிடித்துக் கட்டிவிடும். சேறு கறுக்கும், வேர் தப்பும். ஆனால் இரும்புச் சத்துக் குறைந்த மணற்பாங்கான நிலத்திலும், வடிகாலற்ற பள்ளக்கால் வயலிலும், பச்சைத் தழையை மிதமிஞ்சி இட்டு உடனே நட்ட வயலிலும் இரும்பால் கட்டுப்படாத வாயு எஞ்சி நிற்கும். அது வேரின் மூச்சை அடைக்கும். மூச்சடைத்த வேர் சாம்பல் சத்தையும் மணிச்சத்தையும் உறிஞ்சமாட்டாது. எருவுக்குக் குறைவில்லாத வயலிலேயே பயிர் பட்டினி கிடக்கும்.

ஜப்பான் தேசத்தில் இந்நோய்க்கு அக்கியோச்சி என்று பெயர். இலையுதிர் காலத்துத் தாழ்வு என்பது பொருள். தொடக்கத்தில் செழித்து வளர்ந்த பயிர் கதிர் வாங்கும் காலத்தில் சோர்ந்து, இலைகளில் பழுப்புப் புள்ளி நோய் கண்டு, விளைச்சல் குன்றும். இரும்பு கரைந்தொழிந்த பழைய மணல் வயல்களிலேயே இது மிகுதியென அந்நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டனர். இரும்பு நிறைந்த குன்றுச் செம்மண்ணை வண்டிகளில் கொணர்ந்து வயலில் பரப்பியும், ஸல்பேட் கலந்த உரங்களை விலக்கி யூரியா முதலிய உரங்களை இட்டும், பயிரின் நடுப்பருவத்தில் நீரை வடித்தும் அவர்கள் இத்தீங்கைக் குறைத்தனர்.

இவ்விஷயத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லுவது வாசகர்களுக்குப் பயன்படுமென நம்புகிறேன். நான் இவ்வேலையில் அமர்ந்த முதற் சில ஆண்டுகளில், ஒரு வாய்க்காலின் கடைமடையிலிருந்த பள்ளக்கால் வயலைச் செய்துகாட்டும் வயலாக எடுத்துக்கொண்டேன். தக்கைப்பூண்டை மடக்கி உழுததோடு, வெளியிலிருந்தும் தழை கொணர்ந்து மிதிக்கச் செய்தேன். மூன்றாம் நாளே நடவு முடிந்தது. ஒரு மாதத்திற்குள் பயிர் மஞ்சளித்தது. தழைச்சத்துக் குறைவென்று எண்ணி அம்மோனியம் ஸல்பேட் ஒரு மூட்டை மேலுரமாக இடும்படி சொன்னேன். பயிர் பின்னும் வாடிற்று. அவ்வயலுக்குரியவர் முதியவர், நான் சொல்லியவை யாவற்றையும் ஒரு சொல்லும் எதிர்க்காது செய்தவர். அவர் வயலில் இறங்கி ஒரு தூரைப் பிடுங்கி, வேரைக் கழுவி, முகர்ந்து பார்த்து என் கையில் கொடுத்தார். "ஐயா, இதற்குப் பசியில்லை, மூச்சு முட்டுகிறது" என்றார். வேர் கரிபோலக் கறுத்து, முட்டை நாற்றம் வீசியது. அன்றே மடையை வெட்டி நீரை வடித்தோம். பத்து நாளில் புதிய வெள்ளை வேர் கிளம்பக் கண்டோம். எனினும் இழந்த தூர்கள் திரும்பவில்லை. அவ்வாண்டு அவர் வயல் அக்கம்பக்கத்து வயல்களுக்குக் குறைந்தே விளைந்தது. அது முதல், மஞ்சளித்த பயிரைக் கண்டால் வேரைப் பாராமல் உரம் சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

ஆகையால் மஞ்சளித்த பயிரை விவசாயிகள் பின்வருமாறு சோதிக்கவேண்டும். வயலில் நாலைந்து இடங்களில் தூரை மண்ணோடு பெயர்த்து, வேரைக் கழுவி நிறத்தைப் பார்க்கவும். வெண்மையும் துருநிறமுமாயின் வேறு காரணம் தேடவேண்டும். வேர் கறுத்து, குட்டையாகவும் அடர்த்தியின்றியும் இருந்து, நாற்றமும் வீசினால் கந்தக வாயுவே காரணமெனச் சந்தேகிக்கலாம். கறுத்த வேரைச் சிறிது நேரம் காற்றில் வைத்தால், இரும்பு ஸல்பைடால் வந்த கறுப்பாயின் மெல்லப் பழுப்பாக மாறும்.

பரிகாரங்கள் இவை:

1. முதலில் நீரை வடிக்கவேண்டும். சேறு இறுகி மெல்லிய வெடிப்புத் தோன்றும் வரை விட்டு, பின் நீர் பாய்ச்சவும். தூர்கட்டும் பருவமே இதற்கு உகந்தது. கதிர் கருக்கொண்ட பின்னும் பூக்கும் சமயத்திலும் வயலைக் காயவிடலாகாது.

2. பச்சைத் தழையை மடக்கி உழுத பின் ஒன்று அல்லது இரண்டு வாரம் மட்கவிட்டு நடவும். குறுவையை அறுத்த தாளை மடக்கி உடனே தாளடி நடும் வயல்களில் இவ்விடைவெளி கிடைப்பது அரிது. அத்தகைய வயல்களில் தாளைக் குறைய விட்டு அறுப்பதும், தழையின் அளவைக் குறைப்பதும் நலம்.

3. இந்நோய் கண்ட வயலில் அம்மோனியம் ஸல்பேட்டை நிறுத்தி, தழைச்சத்தை யூரியாவாகப் பிரித்து இடவும். சாம்பல் சத்தைக் குறைக்கலாகாது. அம்மோனியம் ஸல்பேட் கெட்ட உரமென்று இதனால் கொள்ளவேண்டாம். வடிகாலும் இரும்பும் உள்ள நிலத்தில் அது நல்ல உரமே. கந்தகப் பற்றாக்குறை உள்ள நிலத்துக்கு மருந்துமாகும்.

4. கோடை உழவு செய்து மண்ணைக் காயப்போடுக. காற்றுப் பட்ட மண்ணில் ஸல்பைடு மீண்டும் தீங்கற்ற ஸல்பேட்டாக மாறும். இரும்பும் துருவாகத் திரும்பி, அடுத்த பருவத்தில் வாயுவைப் பிடிக்க ஆயத்தமாகும்.

5. அருகில் செம்மண் கிடைக்குமாயின் மணற்பாங்கான வயலில் அதனைப் பரப்புவது நிலைத்த பரிகாரமாகும்.

குழியிலும் தொட்டியிலும்

வயலில் தோன்றும் கந்தக வாயு காற்றில் கலந்து போய்விடுவதால் மனிதனுக்கு அதனால் அபாயமில்லை. அடைப்பான இடத்திலோ நிலைமை முற்றும் வேறு. சாண எரிவாயுக் கலம், மூடிய சாணக்கரைசல் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, பல காலம் புழங்காத கிணறு இவை யாவும் அபாயமான இடங்களே. சாண எரிவாயுவில் பெரும்பகுதி மீதேன்; அடுத்தது கரியமில வாயு. கந்தக வாயுவின் பங்கு மிகச் சிறிது. பத்து லட்சம் பங்கில் சில நூறு முதல் சில ஆயிரம் வரை இருக்கலாம். அச்சிறு பங்கே ஓர் ஆளைக் கொல்லப் போதுமானது. அதன் வன்மையைக் கீழ்க்கண்ட கணக்கால் அறியலாம். அளவுகள் பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு எனக் கொள்க.

1-க்கும் குறைவு: நாற்றம் நன்கு தெரியும்.

50 முதல் 100 வரை: ஒரு மணி நேரத்தில் கண் எரியும், தொண்டை உறுத்தும்.

100-க்கு மேல்: இருமல் உண்டாகும், சில நிமிஷங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமற் போகும்.

500 முதல் 700 வரை: தள்ளாடி ஐந்து நிமிஷத்தில் விழ நேரும், அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் மரணம்.

700 முதல் 1,000 வரை: ஓரிரு மூச்சில் நினைவு தப்பும்; சில நிமிஷங்களில் மரணம்.

இக்கணக்கில் மூன்றாவது வரியே மிக முக்கியமானது. சாண எரிவாயுக் கலம் ஒன்றைச் சுத்தம் செய்யத் திறந்திருந்த இடத்தில் ஒரு முறை நான் இருக்க நேர்ந்தது. மூடியைத் தூக்கியவுடன் நாற்றம் தாங்காமல் யாவரும் விலகினோம். சிறிது நேரத்திற்குப் பின் விளிம்பில் குனிந்திருந்த ஆள், "நாற்றம் விட்டுவிட்டது ஐயா, இறங்குகிறேன்" என்றான். எட்ட நின்ற எங்களுக்கோ நாற்றம் அப்படியே வீசிக்கொண்டிருந்தது. அவன் மூக்குத்தான் விட்டுவிட்டது; வாயு விடவில்லை. தோளைப் பிடித்து அவனை இழுத்து உட்காரவைத்தபோது தலை சுற்றுகிறதென்றான். இன்னும் இரண்டு படி இறங்கியிருந்தால் அவன் மனைவி மக்களுக்கு நாங்கள் என்ன விடை சொல்லியிருப்போம்?

இவ்வாயு உடலில் செய்யும் வேலை யாதெனின், உயிரணுக்கள் பிராண வாயுவைப் பயன்படுத்தும் கருவியையே முடக்கிவிடுகின்றது. இரத்தத்தில் பிராண வாயு இருந்தும் உடல் அதனைக் கொள்ளமாட்டாது. மூளையும் இருதயமும் முதலில் ஓய்கின்றன. ஆகையால் விழுந்தவன் கூக்குரலிடவும் நேரமிராது. மேலே நிற்பவன், அவன் வழுக்கி விழுந்தானென்று எண்ணிக் கைகொடுக்க இறங்குவான், அவனும் விழுவான்.

1989-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் ஒரு பால்பண்ணையின் சாணக்குழியில் ஒருவர்பின் ஒருவராக இறங்கி ஐவர் மாண்டனர். 2007-ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாகாணத்தின் பண்ணையொன்றிலும் இவ்வாறே ஐவர் இறந்தனர். இவ்விரண்டிலும் மீதேன் நிறைந்து பிராண வாயு அற்றுப்போனதே காரணமென்றனர். கொல்லும் வாயு எதுவாயினும் நிகழும் விதம் ஒன்றே. முதல்வன் ஒருவன் அறியாமையால் சாகின்றான். பின்னவர் அன்பினால் சாகின்றனர்.

அடைப்பான இடத்தில் மட்டுமே அபாயம் என்றும் எண்ணலாகாது. 1950-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மெக்ஸிகோ தேசத்தின் போஸா ரிக்கா நகரில் எரிவாயு ஆலையொன்றிலிருந்து கந்தக வாயு அரை மணி நேரத்திற்கும் குறைவாகவே கசிந்தது. விடியற்காலை மூடுபனியில் அது கலையாமல் தரையோடு தங்கியதால் அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்தோரில் 22 பேர் இறந்தனர்.

தவறான நம்பிக்கைகள்

விளக்கை ஏற்றிக் கிணற்றில் இறக்கி, அணையாவிட்டால் இறங்கலாமென்பது நெடுநாளைய வழக்கம். கரியமில வாயு நிறைந்த கிணற்றில் விளக்கு அணையும் என்பது மெய்யே. ஆனால் ஆளைக் கொல்லும் அளவு கந்தக வாயு உள்ள இடத்திலும் விளக்கு நன்றாக எரியும். அது விளக்கை அணைக்கும் அளவன்று. சாண எரிவாயு உள்ள இடத்தில் விளக்கு வெடி விபத்துக்கே வழிசெய்யும். கோழியைக் கூடையில் வைத்து இறக்கிப் பார்க்கும் வழக்கமும் உண்டு. அது அந்த நிமிஷத்து நிலையை மட்டுமே காட்டும். இறங்கியவன் சகதியைக் கலக்கியவுடன் கிளம்பும் வாயுவைக் கோழி முன்கூட்டி அறிவிக்கமாட்டாது.

ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொள்வதும், தூசிக்கு அணியும் முகக்கவசமும் இவ்வாயுவைத் தடுக்கமாட்டா. இடுப்பில் கயிறு கட்டியவன் மேலுள்ளோரால் தூக்கப்படுவான் என்பது உண்மையே. ஆயினும் கயிறு மூச்சுக்குக் காற்றைத் தாராது.

செய்யவேண்டுவன

1. குழியையும் தொட்டியையும் மேலிருந்தே பம்பு வைத்தும் நீண்ட கைப்பிடியுள்ள வாளி கொண்டும் காலி செய்க. ஆள் இறங்காமல் முடியும் வேலைக்கு ஆளை இறக்குவது பாவம்.

2. கலக்கும் வேலையின்போது குழந்தைகளையும் கால்நடைகளையும் அகற்றுக. காற்று வீசும் திசைக்கு மேற்புறத்தில் நின்று வேலை செய்க. பீடி, விளக்கு, பொறியுண்டாக்கும் கருவி எதுவும் அருகில் இருக்கலாகாது.

3. இறங்கியே தீரவேண்டுமாயின், வாயுவை அளக்கும் கருவியும், மூச்சுக்குத் தனியே காற்றுத் தரும் சாதனமும், உடற்கவசக் கயிறும், மேலே இருவரும் உள்ள பயிற்சி பெற்ற ஆட்களையே அழைக்கவேண்டும். தீயணைப்பு நிலையத்தாரிடம் இச்சாதனங்கள் உண்டு.

4. குழிக்குக் கம்பி வேலியும் கனமான மூடியும் அமைத்து, அபாயம் என்று எழுதிவைக்கவும்.

5. ஒருவன் விழுந்துவிட்டால் மற்றவர் இறங்கலாகாது. கயிறு கட்டியிருந்தால் இழுக்கவும். இல்லையேல் காற்றூதி இருந்தால் தூய காற்றை உள்ளே செலுத்திக்கொண்டே 112 அல்லது 101 எண்ணுக்கும் 108 ஆம்புலன்ஸுக்கும் உடனே சொல்லுக. தூக்கிய பின் திறந்த வெளியில் கிடத்தி, மூச்சு நின்றிருப்பின் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, டாக்டர் வரும்வரை நிறுத்தலாகாது. நினைவு திரும்பியவனையும் வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் நேரலாம்.

6. சாண எரிவாயுவை எஞ்சினுக்குப் பயன்படுத்துவோர், வாயுக் குழாயின் வழியில் துருப்பிடித்த இரும்புத் தூள் நிறைந்த வடிகட்டி அமைத்துக்கொள்ளவும். வயலில் வேரைக் காக்கும் இரும்பே இங்கு எஞ்சினையும் காக்கும். இல்லையேல் உலோகப் பாகங்கள் அரித்துப்போகும். பழைய தூளை எடுத்து வெளியில் கொட்டும்போது காற்றுப் பட்டு அது சூடேறும். ஆகையால் நீர் தெளித்து, வைக்கோற்போருக்குத் தொலைவில் கொட்டவும்.

உபயோகங்கள்

இத்தனை தீங்குடைய பொருளுக்கும் பயன் உண்டு. பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் இயற்கை எரிவாயுவிலும் உள்ள கந்தகத்தைச் சுத்திகரிப்பு ஆலைகள் கந்தக வாயுவாகப் பிரித்து எடுக்கின்றன. கிளாஸ் என்ற ரஸாயன அறிஞர் 1883-ஆம் ஆண்டில் உரிமை பெற்ற முறையை ஆதாரமாகக்கொண்டு அதனை மஞ்சள் கந்தகமாக மாற்றுகின்றனர். இன்று உலகில் வழங்கும் கந்தகத்தில் பெரும்பகுதி இவ்வழியிலேயே கிடைப்பதாகும். அக்கந்தகத்திலிருந்து கந்தகத் திராவகமும், அதனைக்கொண்டு ஸூப்பர் பாஸ்பேட்டும் உண்டாகின்றன. மிளகாய், உளுந்து, மா, திராட்சை இவற்றின் சாம்பல் நோய்க்கு நாம் தெளிக்கும் நனையும் கந்தகமும் அதன் வழிவந்ததே. நாற்றத்துக்கு அஞ்சி ஓடும் வாயுவே உரமாகவும் மருந்தாகவும் நம் வயலுக்குத் திரும்பி வருகின்றது.

நமது தேசத்தில் ராஜஸ்தானத்திலுள்ள கோட்டாவிலும், தெலங்கானாவிலுள்ள மணுகுருவிலும், அணு உலைகளுக்கு வேண்டிய கனநீரைத் தயாரிக்க இவ்வாயு பயன்படுகின்றது. ரஸாயன சாலைகளில் ஈயம், செம்பு முதலிய உலோகங்களைப் பிரித்தறியவும் இது நெடுங்காலம் உதவிற்று. இதன் இனமான மற்றொரு கந்தகப் பொருளை, கசிவு தெரிவதற்காகச் சமையல் எரிவாயுவில் சிறிதளவு கலக்கின்றனர். இயல்பில் மணமற்ற அவ்வாயு அதனாலேயே நாறுகின்றது.

கிராம அதிகாரிகளுக்கு

கழிவுநீர்த் தொட்டியிலும் சாக்கடையிலும் தகுந்த பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியிருக்கின்றது. முதல் முறைக் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சாக்கடை மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரவேண்டுமென 2014-ஆம் ஆண்டில் கட்டளையிட்ட உச்சநீதிமன்றம், 2023-ஆம் ஆண்டில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்திற்று. தொட்டிக்குச் சொந்தக்காரர் கூலியைச் சற்று உயர்த்திக் கொடுத்தால் ஆள் கிடைத்துவிடுகின்றான் என்பது வருந்தத்தக்க உண்மை. கூலி உயர்ந்ததால் வாயுவின் விஷம் குறையாது. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் தங்கள் எல்லைக்குட்பட்ட சாண எரிவாயுக் கலங்கள், கழிவுநீர்த் தொட்டிகள், பாழுங்கிணறுகள் இவற்றின் ஜாபிதா ஒன்றை எழுதிவைத்து, சுத்தம் செய்யும் காலத்தை முன்கூட்டித் தெரிவிக்கும்படி உரியவர்களுக்குச் சொல்லவேண்டும். உழவர் கூட்டங்களில் இக்கட்டுரையின் விதிகளை உரக்கப் படித்துக் காட்டுவதும் நலம். குழியில் இறங்குவோரிற் பலர் பத்திரிகை படிக்க வாய்ப்பில்லாதவர்.

முடிவாகச் சொல்லுவது இது. வயலில் நாற்றம் எழுந்தால் வேரைப் பார், நீரை வடி. குழியில் நாற்றம் எழுந்தால் விலகு. எழுந்த நாற்றம் திடீரென நின்றதாகத் தோன்றினால், இன்னும் விரைவாக விலகு. விழுந்தவனைக் காண நேர்ந்தால், அவன் உன் சகோதரனேயாயினும் பின்னால் இறங்காதே. உதவியைக் கூவி அழை. மேலே நிற்பவன் உயிரோடிருந்தால்தான் கீழே கிடப்பவனைத் தூக்க ஆள் உண்டு.